பட்ஜெட் மாறினால் பேரோல் மென்பொருளில் என்ன செய்யக் கூடாது?

போன வாரம், எங்கள் தொழிலுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி, மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்குத் தான் அனுப்பிய மின்னஞ்சலைப் பெருமையாகக் காட்டினார். சம்பள வரியில் வந்த மாற்றத்தை டெவலப்பர்களுக்கு விளக்கும் கடிதம். இரண்டே வரி: "பழைய தொகையை எடுத்துவிட்டுப் புதிய தொகையைப் போடவும். இந்த மாதச் சம்பளம் முதல் அமல்." படித்ததும் எனக்கு 2018 ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது.

எங்கள் வேலை சம்பளம் போடும் கம்பெனிகளுக்கும், அந்தச் சம்பளத்தைக் கணக்கிடும் பேரோல் மென்பொருளை எழுதுபவர்களுக்கும் நடுவில் நிற்பது. சட்டம் மாறும்போது இரு பக்கமும் கேட்டு, இரு பக்கமும் சொல்ல வேண்டும். ஏழாம் தேதிக்குள் டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வரி) கட்டுவது, பான் எண்ணைச் சரிபார்ப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றைக் காலண்டரும் அபராதமும் தானாகவே சொல்லிக்கொடுத்துவிடும்.

பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவது

2018 பட்ஜெட்டில் வருமான வரி மீதான செஸ், அதாவது வரிக்கு மேல் போடும் கூடுதல் வரி, 3 சதவீதத்திலிருந்து 4 சதவீதம் ஆனது. ஸ்டாண்டர்டு டிடக்ஷன் என்கிற நிலையான கழிவும் 40,000 ரூபாயாகத் திரும்பி வந்தது. பதிலுக்குப் போக்குவரத்துப் படிக்கு இருந்த 19,200 ரூபாய் விலக்கும், மருத்துவச் செலவுக்கு இருந்த 15,000 ரூபாய் விலக்கும் போயின. ஏப்ரல் சம்பளத்துக்கு முன்பாகவே எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிவிட்டேன். செட்டிங்ஸில் 3 இருந்த இடத்தில் 4. ஏப்ரல் சம்பளம் பிசிறில்லாமல் போனது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மே மாதம் வந்தது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டுக்கு 24க்யூ என்கிற சம்பள டிடிஎஸ் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். அந்தக் கடைசிக் காலாண்டில்தான் ஒவ்வொரு ஊழியரின் முழு ஆண்டு வரிக் கணக்கும் போகும். திரையில் பார்த்தால், வரி கட்டிய அத்தனை பேருக்கும் பிடித்தம் குறைவு என்று காட்டுகிறது. மென்பொருளில் கோளாறு என்று டெவலப்பரிடம் சண்டை வேறு போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்: "சார், செஸ் எவ்வளவு?" நாலு என்றேன். "போன வருஷத்துக்கா?" என்றார். 2017-18 சம்பளத்துக்கு 2018-19இன் செஸ் போட்டு வைத்திருந்தோம். பழைய 3 எங்கும் இல்லை, நான்தான் அழிக்கச் சொல்லியிருந்தேன். சரிசெய்ய இரண்டு ராத்திரி ஆயிற்று. ஃபார்ம் 16 என்கிற வரிப் பிடித்தச் சான்றிதழ் ஊழியர் கைக்குப் போகும் முன்பே பிடிபட்டது என் அதிர்ஷ்டம்.

இதை இன்னமும் எரிச்சலோடு சொல்வதற்குக் காரணம் 2024. அந்த ஆண்டு முழு பட்ஜெட் ஜூலை 23இல் வந்தது. ஊழியர் தேர்ந்தெடுக்கும் பழைய, புதிய வரி முறைகளில் புதியதில் நிலையான கழிவு 50,000லிருந்து 75,000 ஆனது, ஸ்லாபுகள் என்கிற வரி அடுக்குகளும் நகர்ந்தன. பல கம்பெனிகளில் அதற்குள் ஜூலை சம்பளம் பூட்டியாகிவிட்டது. மாற்றமோ ஏப்ரல் முதல் முழு நிதியாண்டுக்கும் உரியது. அறிவித்த நாள், எந்த ஆண்டின் வருமானத்துக்கு என்பது, எந்த மாதச் சம்பளத்தில் முதலில் தெரியும் என்பது, இப்படி மூன்று தனித்தனித் தேதிகள். மென்பொருளில் இருந்தது ஒரே ஒரு கட்டம். அதே இரண்டு வரி மின்னஞ்சல், அதே அழித்து எழுதுதல், இந்த முறை வேறு ஆலோசகர்கள் கையால்.

முதல் கோளாறு மாதக் கணக்கில். ஆண்டுக்கு 12 லட்சம் சம்பளம், புதிய முறை என்று வையுங்கள். பழைய விதிப்படி செஸ்ஸோடு வரி 85,800. மாதம் 7,150 வீதம் ஜூலை வரை 28,600 பிடித்தாகிவிட்டது. புதிய விதிப்படி முழு ஆண்டு வரி 71,500 மட்டுமே. சம்பள டிடிஎஸ்ஸுக்கான 192ஆம் பிரிவு சொன்னது ஆண்டு முழுவதற்குமான மதிப்பீட்டை; ஆண்டுக்குள் கூடவோ குறையவோ பிடித்ததை அந்த ஆண்டுக்குள்ளேயே சரிக்கட்டவும் அது இடம் தந்தது. ஆக மீதி 42,900 ரூபாயை எட்டு மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் சுமார் 5,363. அந்த மென்பொருள் என்ன செய்தது? 71,500ஐப் பன்னிரண்டால் வகுத்து, ஆகஸ்ட் முதல் மாதம் 5,958 பிடித்தது. மார்ச் முடிவில் ஒவ்வொருவரிடமும் ஏறக்குறைய 4,767 ரூபாய் அதிகம். ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இது அதிகம் பிடித்த கதை, ஊழியர் திட்டுவதோடு போய்விடும். அடுத்தது குறைவாகப் பிடித்த கதை. நிலையான கழிவு 75,000 ஆனது புதிய முறைக்கு மட்டும், பழைய முறையில் அது 50,000தான். ஒரே கட்டத்தில் 75,000 என்று எழுதியதால் பழைய முறையில் இருந்தவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. 30 சதவீத ஸ்லாபில் இருப்பவருக்கு 25,000க்கான வரி, செஸ்ஸோடு 7,800 ரூபாய். நான் பின்னால் போய்ப் பார்த்த ஒரு தொழிற்சாலையில் இது பிப்ரவரியில்தான் தெரிந்தது. முழுத் தொகையையும் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள்தானே பெரும்பாலும் பழைய முறையில் இருக்கிறார்கள். வருகிற கோபம் யார் மேல் விழும்? மென்பொருளை அவர்கள் பார்த்ததே இல்லை, சம்பளம் போடும் அக்காவைத்தான் தினமும் பார்க்கிறார்கள். பிப்ரவரியிலும் தெரியாமல் போயிருந்தால், குறைந்த வரிக்கு நிறுவனமே பொறுப்பு. மாதத்துக்கோ மாதத்தின் பகுதிக்கோ 1 சதவீதம் வட்டி வேறு.

ஆகவே டெவலப்பரிடம் எண்ணைக் கொடுக்காதீர்கள், வரிசையைக் கொடுங்கள். ஒவ்வொரு விகிதமும் எந்த நிதியாண்டு, எந்த வரி முறை என்ற இரண்டு அடையாளங்களோடு டேபிளில் தனி வரிசையாக இருக்கட்டும். புதிது வந்தால் கீழே ஒரு வரிசை சேரும், பழையதைத் தொடவே கூடாது. அதோடு, மேலே நான் போட்டதுபோல ஒரு கணக்கை, நடு ஆண்டு மாதம் உட்பட, கையால் போட்டு அனுப்புங்கள். பத்துப் பக்கச் சுற்றறிக்கையை ஃபார்வர்டு செய்வதைவிட 28,600, 42,900 என்ற இரண்டு எண்கள் அவருக்கு அதிகம் உதவும்.

மௌனத்தைப் போன வருடத்துச் சம்மதமாக எடுப்பது

2023-24 முதல் புதிய வரி முறைதான் இயல்பான முறை. 2023 ஏப்ரலில் மத்திய நேரடி வரிகள் வாரியம் தெளிவாகச் சொன்னது: ஒவ்வொரு ஊழியரையும் நிறுவனம் கேட்க வேண்டும், பதில் வராவிட்டால் புதிய முறைப்படி பிடிக்க வேண்டும். ஆனால் மென்பொருள்கள் பலவற்றில் போன வருடத்துத் தேர்வு அப்படியே இந்த வருடத்துக்கு நகலாகிறது. ஊழியருக்கு வசதியாக இருக்கட்டும் என்று எழுதியிருப்பார்கள். அந்த வசதி வேண்டாம். ஏப்ரலில் அந்தக் கட்டம் காலியாகவே திறக்கட்டும். அப்புறம், கம்பெனியிடம் சொன்ன தேர்வே இறுதி என்று ஊழியர்களை மிரட்டவும் வேண்டாம். வேறு தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர், கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது மாற்றிக்கொள்ளலாம்.

12 லட்சத்தோடு கணக்கை முடிப்பது

2025-26இல் புதிய முறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை முழு வரியும் தள்ளுபடி என்பது எல்லோருக்கும் தெரியும். நிலையான கழிவைச் சேர்த்தால் சம்பளம் 12,75,000 வரை வரி இல்லை. டெவலப்பரும் அதோடு நிறுத்திவிடுவார். 10,000 ரூபாய் கூடுதலாக வாங்குபவரின் கதி? ஸ்லாப்படி வரி 61,500. மார்ஜினல் ரிலீஃப் இருப்பதால், 12 லட்சத்தைத் தாண்டிய 10,000க்கு மேல் வரி போகாது. செஸ்ஸோடு 10,400. அந்த விதி மென்பொருளில் இல்லாவிட்டால் 63,960 பிடிபடும். இன்கிரிமென்ட் வாங்கியதற்கு ஒருவர் அழ வேண்டிவரும். வரிக்குரிய வருமானம் 12,70,000 என்றும் 12,71,000 என்றும் இரண்டு டெஸ்ட் கேஸ் கொடுங்கள். முதலாமவருக்கு 500 ரூபாய் நிவாரணம் உண்டு, இரண்டாமவருக்கு இல்லை. இரண்டும் சரியாக வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

டிடக்ஷன் என்று மட்டும் எழுதுவது

புதிய வரி முறையில் தொழில் வரிக்கு டிடக்ஷன் கிடையாது என்று ஒரு முறை எழுதி அனுப்பினேன். நான் சொன்னது, வருமானத்திலிருந்து அதைக் கழிக்க முடியாது என்பதை. டெவலப்பர் படித்தது, சம்பளத்திலிருந்து அதைப் பிடிக்க வேண்டாம் என்பதை. புதிய முறையில் இருந்த அத்தனை பேருக்கும் தொழில் வரிப் பிடித்தம் நின்றுபோனது. தமிழில் பிடித்தம் வேறு, கழிவு வேறு என்று சுத்தமாக இரண்டு சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதிக் கெட்டேன். இப்போதெல்லாம் குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தாலும் இந்த இரண்டு சொற்களையும் தமிழிலேயே விட்டுவிடுகிறேன். தமிழ் தெரியாத ஹைதராபாத் டெவலப்பர்கள்கூடப் பழகிக்கொண்டார்கள்.

தொழில் வரி பற்றி இன்னும் ஒன்று. புனேயில் எழுதிய மென்பொருள், மகாராஷ்டிர வழக்கப்படி மாதம் 200, பிப்ரவரியில் 300 என்று எதிர்பார்க்கும். தமிழ்நாட்டில் அது அரையாண்டுக் கணக்கு, அதுவும் உள்ளாட்சி அமைப்புக்குப் போவது. ஆண்டு உச்சவரம்பு இரண்டு இடத்திலும் அதே 2,500தான் என்பதால், ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்க்கிறவர் கண்ணுக்கு இது தப்பிவிடும்.

ஹெச்.ஆர். மேலாளரை மட்டும் கேட்பது

சம்பளம் போடுகிறவரைக் கேளுங்கள்.

பட்ஜெட் உரையைக் கேட்டே மென்பொருள் எழுதச் சொல்வது

உரை சட்டமல்ல. மசோதாவைப் படியுங்கள்.

பிரிவு எண்ணைத் தேடி மாற்றுவது

2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் அமலுக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. சம்பள டிடிஎஸ்ஸுக்கான 192ஆம் பிரிவு அதில் 392 ஆகிறது. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டை வழக்கு போய் வரி ஆண்டு என்ற ஒன்றே நிற்கிறது. டெவலப்பர் ஒருவர் கேட்டார்: "ரொம்ப சுலபம் சார். 192 இருக்கிற இடமெல்லாம் 392 என்று ஒரே ராத்திரியில் மாற்றிவிடட்டுமா?"

மாற்றலாம் என்றேன். 2025-26இன் கடைசிக் காலாண்டு அறிக்கையை 2026 மே மாதத்தில் எந்தச் சட்டத்தின்படி தாக்கல் செய்வீர்கள் என்றும் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், எந்தச் சட்டம் என்று குறிக்க டேபிளில் இன்னொரு நெடுவரிசை சேர்க்க எத்தனை நாள் ஆகும் என்று அவரே கணக்குப் போட ஆரம்பித்தார்.