கவர்னர் ஜெனரலுக்குத் தனி அறை வேண்டும்: மாதிரி நாடாளுமன்றம் நடத்தும் முறை

சேலத்துப் பள்ளி, கல்லூரிகளில் மாதிரி நாடாளுமன்றம் என்றாலே கேள்வி நேரம், மேசை தட்டல், வெளிநடப்பு என்று முடிந்துவிடும். அரசரின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் என்ற பாத்திரம் அதில் வருவதே இல்லை. வந்தாலும் மேடையில் மாலை போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். ராஜா ஓரிடம், ராஜ்ஜியம் ஓரிடம் என்று இருக்கும் நாட்டில் அந்த நாற்காலி எப்படி வேலை செய்கிறது என்பதை 40 மாணவர்கள், 2 அறைகள், 2 மணி நேரம் கொண்டு நடத்திக் காட்டும் வழி இது.

வேறெந்த ஊரையும்விட சேலத்துக்கு இது பொருந்தும். இங்கே வக்கீல் தொழில் பார்த்து, 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜிதான் இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல். 1948 ஜூன் 21 முதல் 1950 ஜனவரி 26 வரை ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால், நேரு அமைச்சரவை சொன்னபடி அவர் கையெழுத்துப் போட்டார். சுதந்திரத்துக்குப் பிறகும் இரண்டரை ஆண்டு நமக்கு ஒரு மன்னர் இருந்தார் என்றால் வகுப்பில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். அங்கிருந்தே தொடங்குங்கள். பிரிட்டன் மன்னரையே தங்கள் மன்னராகக் கொண்ட வேறு 14 நாடுகளில் இன்றும் இந்தப் பதவி இருக்கிறது: கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜமைக்கா, துவாலு போன்றவை. பாடப்புத்தகத்தில் 'தலைமை ஆளுநர்' என்று இருக்கலாம். வாய்க்கு வருவது கவர்னர் ஜெனரல்தான், அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாட்டை உருவாக்குங்கள்

கற்பனை நாடுதான் வசதி. பெயர் சேர்வராயன் தீவு. அவையில் 29 இடங்கள்: காபிக் கட்சி 13, ஜவ்வரிசிக் கட்சி 11, மிளகுக் கட்சி 5. நிஜக் கட்சிகளின் பெயர், கொடி, நிறம் எதுவும் வேண்டாம். சேலம் என்றதும் மாணவர்கள் 'மாம்பழக் கட்சி' என்பார்கள். அது ஏற்கெனவே ஒரு கட்சியின் சின்னம், விட்டுவிடுங்கள்.

மீதி 11 பேர்: கவர்னர் ஜெனரல் 1, அவருடைய செயலர் 1, சட்ட ஆலோசகர் 2, நிருபர் 3, அவைச் செயலாளர் 1, நேரம் பார்ப்பவர் 1, யாராவது வராவிட்டால் நிரப்ப 2. பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கும் மாணவரைப் பிரதமராக்குங்கள். கவர்னர் ஜெனரலாக, வகுப்பில் "ஏன்?" என்று கேட்டு ஆசிரியரையே நிறுத்துகிற மாணவியையோ மாணவரையோ தேர்ந்தெடுங்கள். அந்தப் பதவியின் முக்கால்வாசி வேலை கேள்வி கேட்பதுதான்.

அரசியலமைப்பை அரைப்பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் ஒரு நகல் கொடுங்கள். ஆறு விதிகள் போதும்:

1. அரசர் கடல் தாண்டி இருக்கிறார். அவர் பெயரில் கவர்னர் ஜெனரல் செயல்படுவார்.
2. அவையின் பெரும்பான்மை யார் பக்கமோ அவரே பிரதமர். அவையில் தோற்கும்வரை அல்லது தானே விலகும்வரை பதவியில் இருப்பார்.
3. பிரதமர் கையெழுத்திட்டுத் தரும் பரிந்துரைப்படியே கவர்னர் ஜெனரல் நடப்பார்.
4. பிரதமரை நியமிப்பது, அவையைக் கலைக்க மறுப்பது, தோற்றும் விலகாத பிரதமரை நீக்குவது, இந்த மூன்றில் மட்டும் சொந்த முடிவு.
5. பட்ஜெட் நிறைவேறாமல் கருவூலத்திலிருந்து ஒரு காசு எடுக்க முடியாது.
6. கவர்னர் ஜெனரலை அரசர் மாற்றலாம், பிரதமர் பரிந்துரைத்தால்.

நிஜ நாடுகளில் இவை இப்படிப் பளிச்சென்று எழுதியிருக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆஸ்திரேலிய அரசியலமைப்பில் பிரதமர் என்ற சொல்லே கிடையாது. பாதி எழுத்தில், பாதி வழக்கத்தில் ஓடுகிற வண்டி இது.

மூன்றாம் விதியில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். 'அறிவுரை' என்று எழுதினால் கட்டாயம் சிக்கல் வரும். தமிழில் அறிவுரை என்பது பெரியவர் சிறியவருக்குச் சொல்வது. கேட்டால் கேட்கலாம், விட்டால் விடலாம். கவர்னர் ஜெனரலாக இருப்பவர் "அறிவுரைக்கு நன்றி, நான் யோசித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுவார். இங்கே பிரதமர் தருவது கட்டுப்படுத்துகிற பரிந்துரை. அந்தச் சொல்லையே போடுங்கள், கீழே கையெழுத்துக்குக் கோடும் போடுங்கள்.

அறையும் சாமான்களும்

கவர்னர் ஜெனரல் அவைக்குள் உட்காரக் கூடாது. இதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மேடையில் உட்கார்ந்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் அவர் சபாநாயகரின் வேலையைப் பார்க்க ஆரம்பிப்பார், சண்டையை விலக்குவார், தீர்ப்புச் சொல்வார். நடைக்கூடத்தின் மறுகோடியில் ஒரு அறை கொடுங்கள். தொடக்க உரை வாசிக்க ஒருமுறை வந்து போவதோடு சரி. அந்த உரையையும் பிரதமர்தான் எழுதித் தர வேண்டும். அவரைப் பார்க்க வேண்டியவர்கள் நடந்து போகட்டும். நடக்கிற அந்த இரண்டு நிமிடத்தில்தான் கட்சிகள் பேரம் பேசும்.

அவை அறைக்கு இரண்டு கதவு இருந்தால் நல்லது. ஆதரிப்பவர்கள் ஒரு கதவு வழியாகவும் எதிர்ப்பவர்கள் மறு கதவு வழியாகவும் வெளியேற, அவைச் செயலாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு புளியங்கொட்டை டப்பாவில் போட வேண்டும். கை தூக்கச் சொன்னால் எண்ணிக்கை நிச்சயம் தகராறாகும். 29 கொட்டை, 2 டப்பா, ஒரு மணி, ஒரு ரப்பர் ஸ்டாம்ப், பழுப்பு உறை 4 (ஒவ்வொன்றிலும் கீழே வரும் ஒரு நெருக்கடியை எழுதி வையுங்கள்), கோடு போட்ட நோட்டு ஒன்று. செலவு தட்டுவடை செட்டுக்குத்தான் ஆகும். ஏற்காட்டுப் பள்ளிகள் சேலத்திலிருந்து மாணவர்களை அழைத்தால், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த பிள்ளைகளுக்கு அரை மணி ஓய்வு கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் உறை: யாரைக் கூப்பிடுவது?

தேர்தல் முடிந்தது. இதுவரை பிரதமராக இருந்தவர் ஜவ்வரிசிக் கட்சி. காபிக் கட்சிக்கு அதிக இடம். கவர்னர் ஜெனரல் என்ன செய்ய வேண்டும்?

எல்லோரும் காபிக் கட்சித் தலைவரைக் கூப்பிடுவார்கள். தவறு. அப்போது எதுவும் செய்யாமல் இருப்பதுதான் சரி. பதவியில் இருக்கும் பிரதமர் இன்னும் விலகவில்லை. மிளகுக் கட்சி ஆதரித்தால் 16 ஆகிவிடும். கனடாவில் 1925இல் கன்சர்வேடிவ்களைவிடக் குறைவான இடம் பெற்ற மெக்கன்சி கிங், சிறு கட்சியின் தயவில் பிரதமராகத் தொடர்ந்தார்.

செயலர் மூன்று கட்சித் தலைவர்களிடமும் ஒரே கேள்வியை எழுத்தில் கேட்க வேண்டும்: "பட்ஜெட்டிலும் நம்பிக்கை வாக்கிலும் யாரை ஆதரிப்பீர்கள்?" பதில் பகிரங்கமாக, நிருபர்கள் முன் வரட்டும். கவர்னர் ஜெனரல் இருவரைச் சேர்த்து வைக்கத் தரகு வேலை பார்த்தால் மணி அடித்து நிறுத்துங்கள்.

இங்கே ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. சபாநாயகர் சாதாரணமாக வாக்களிக்க மாட்டார், சமநிலை வந்தால் மட்டுமே. கூட்டணியின் 16இல் ஒருவர் சபாநாயகர் ஆனால் 15. அதில் ஒரு மிளகுக்காரர் கட்சி மாறினால் 14க்கு 14. 'பெரும்பான்மை 15' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு இதை மறக்கும் ஆசிரியர்கள் நிறையப் பேர்.

நம்மூர் உதாரணம் கேட்டால் 1952ஐச் சொல்லலாம். சென்னை மாகாணத்தில் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152. ஆளுநர் ஸ்ரீபிரகாசா, தேர்தலிலேயே நிற்காத ஒருவரை மேலவைக்கு நியமித்து முதல்வராக அழைத்தார். அந்த ஒருவரும் ராஜாஜிதான். இரண்டாண்டுக்கு முன் கவர்னர் ஜெனரல் நாற்காலியில் இருந்தவர், இப்போது நாற்காலிக்கு எதிரே. சரியா தவறா என்று அன்றிலிருந்து சண்டை நடக்கிறது. பத்து நிமிடம் விவாதிக்க விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டாம் உறை: "அவையைக் கலையுங்கள்"

தேர்தல் முடிந்து ஏழு வாரம். நாளை நம்பிக்கை வாக்கு. பிரதமர் தோற்பது உறுதி. அவர் இன்றே ஓடிவந்து கலைக்கச் சொல்கிறார். இந்த உறைக்கு அரை மணி ஒதுக்குங்கள், விஷயமே இங்கேதான்.

கவர்னர் ஜெனரல் மூன்று கேள்வி கேட்க வேண்டும். கடைசித் தேர்தல் நடந்து எவ்வளவு நாள்? அவையில் வேறொருவர் ஆட்சி நடத்த முடியுமா, அதற்கு எழுத்தில் ஆதாரம் உண்டா? தேர்தல் முடியும்வரை செலவுக்கு நிதி ஒப்புதல் இருக்கிறதா? பதிலை நோட்டில் செயலர் எழுத வேண்டும். "எனக்கு அரை மணி வேண்டும்" என்று சொல்ல கவர்னர் ஜெனரலுக்கு உரிமை உண்டு. இதைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் எதிரில் நிற்கும் பிரதமரின் பேச்சில் மயங்கி அப்போதே ஸ்டாம்ப் குத்திவிடுவார்.

மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே மெக்கன்சி கிங். 1926 ஜூனில் அவர் கலைக்கச் சொன்னார், கவர்னர் ஜெனரல் பைங் பிரபு மறுத்தார். கிங் விலக, கன்சர்வேடிவ் தலைவர் மீகன் பிரதமரானார். ஜூலை 2 அன்று ஒரே வாக்கில் மீகன் தோற்றார். அவருக்கு மட்டும் கலைப்பு கிடைத்தது. செப்டம்பர் தேர்தலில் கிங் ஜெயித்து வந்தார். விதிப்படி பைங் செய்தது தவறில்லை என்றே பலர் வாதிடுகிறார்கள். ஆனால் மீகனால் அவையைத் தாங்க முடியுமா என்ற கணக்கு பிசகிவிட்டது.

ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை. 1960 மார்ச் தேர்தலில் டட்லி சேனநாயக்காவின் கட்சிக்கு 50, சுதந்திரக் கட்சிக்கு 46. ஏப்ரலில் பிரதமர் டட்லி அவையில் தோற்றார். கவர்னர் ஜெனரல் ஆலிவர் குணதிலக எதிர்த்தரப்பைக் கூப்பிடாமல் கலைத்துவிட்டார். ஜூலையில் சுதந்திரக் கட்சியின் சிறிமாவோ பிரதமரானார்.

மறுப்பு சரியாக விழுந்ததைக் காட்ட கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம், 2017. 87 இடங்களில் லிபரல் 43, புதிய ஜனநாயகக் கட்சி 41, பசுமைக் கட்சி 3. லிபரல் முதல்வர் கிறிஸ்டி கிளார்க் அவையில் 42க்கு 44 என்று தோற்றார், தேர்தல் கேட்டார். அரசியின் மாகாணப் பிரதிநிதி ஜூடித் கிஷோன் மறுத்து, புதிய ஜனநாயகக் கட்சியின் ஜான் ஹோர்கனை அழைத்தார். கையில் 44 என்ற எண் இருந்தது, மறுக்க முடிந்தது. உங்கள் மாணவர் மறுத்தால் "எண் எங்கே?" என்று சட்ட ஆலோசகர் கேட்க வேண்டும்.

மூன்றாம் உறை: பட்ஜெட் விழுந்தது, பிரதமர் நகரவில்லை

பட்ஜெட் தோற்றது. பணம் தீர 10 நாள். பிரதமர் விலகவும் மாட்டார், தேர்தலும் கேட்க மாட்டார். வரிசை இதுதான்: கேள், எச்சரி, எழுத்தில் கெடு கொடு, பிறகு நீக்கு. ஒரு படியைத் தாண்டினாலும் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

ஆஸ்திரேலியாவில் 1975 நவம்பர் 11 அன்று கவர்னர் ஜெனரல் ஜான் கெர் எச்சரிக்கைப் படியைத் தாண்டினார். மேலவை பட்ஜெட்டை நிறுத்திவைத்திருந்தது. கீழவையோ பிரதமர் விட்லாம் பக்கம். மதியம் கெர், விட்லாமை நீக்கி எதிர்க்கட்சித் தலைவர் ஃப்ரேசரை நியமித்தார். பட்ஜெட் மேலவையில் நிறைவேறியது. பிறகு கீழவை ஃப்ரேசர்மீது 64க்கு 54 என்று நம்பிக்கையில்லை என வாக்களித்தது. அதைச் சொல்லப் போன சபாநாயகருக்கு 4.45க்குத்தான் சந்திப்பு கிடைத்தது, அதற்குள் அவை கலைக்கப்பட்டுவிட்டது. முன்னரே எச்சரித்திருந்தால் கெரையே மாற்றும்படி விட்லாம் அரசியிடம் சொல்லியிருப்பார் என்பது கெரின் பயம். நம் ஆறாம் விதி அந்தப் பயம்தான். உறையைப் பிரிக்கும் முன் அந்த விதியை உரக்கப் படியுங்கள், அறையில் பேச்சே அடங்கிவிடும். நடைக்கூடத்தின் மறுகோடியில் அறை கேட்டதற்குக் காரணமும் இதுவே: சபாநாயகர் கதவுக்கு வெளியே காத்து நிற்கும் நேரம் என்ன என்பதை மாணவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

நான்காம் உறை: பிடிக்காத மசோதா

ஐந்து நிமிட வேலை. கவர்னர் ஜெனரலுக்குப் பிடிக்காத மசோதா ஒன்று நிறைவேறி வருகிறது. "மறுபடி யோசித்தீர்களா?" என்று பிரதமரைத் தனியாகக் கேட்கலாம், எச்சரிக்கலாம். பிறகு கையெழுத்துப் போட வேண்டும். வெளியே நிருபர்களிடம் வாய் திறக்கக் கூடாது.

இந்த இடத்தில் யாராவது நம்மூர் ஆளுநரைப் பற்றிக் கேட்பார்கள். இந்திய ஆளுநரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். இந்திய அரசியலமைப்பில் ஆளுநரைத் தொடும் 163, 200, 356 ஆகிய பிரிவுகள் குடியரசின் சட்டம். அது வேறு வகுப்பு. 356 என்று யாராவது எடுத்தால் மணியடியுங்கள்.

மறுமுறை நடத்தும்போது

உறைகளை மாற்ற வேண்டாம். இடங்களை மட்டும் 14, 10, 5 என்று மாற்றுங்கள். காபிக் கட்சியிலிருந்து சபாநாயகர் வந்தால் 13க்கு 15. எதிர்த்தரப்பிலிருந்து வந்தால் 14க்கு 14. எந்தக் கட்சியும் ஆள் தராது, அவை தொடங்கவே பத்து நிமிடம் தள்ளும். தள்ளட்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் அதே 2017 செப்டம்பரில் லிபரல் உறுப்பினர் டாரில் பிளெக்காஸ் சபாநாயகர் நாற்காலியில் ஏறினார். சொந்தக் கட்சி அவரை வெளியே தள்ளியது.