பழைய கணினிக்கு முதலில் எதை மாற்றலாம்?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பழைய கணினி வைத்திருப்பவர்கள் கையில் உள்ள காசை முதலில் எஸ்எஸ்டிக்கு, அதாவது ஹார்ட் டிஸ்கை விட வேகமான சேமிப்பு டிரைவுக்குப் போடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் செக்கனுக்கு 100, 150 எம்பி வாசித்தால், சாட்டா இணைப்பில் பூட்டும் சாதாரண எஸ்எஸ்டி 500ஐத் தொடும். 240 ஜிபி போதும். படம், வீடியோ எல்லாம் பழைய டிஸ்கிலேயே கிடக்கட்டும்.

அப்புறம் ராம், அதாவது கணினி வேலை செய்யும்போது பாவிக்கும் தற்காலிக நினைவகம். 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள். புது ராம் வாங்க வவுனியாவுக்கு பஸ் ஏற முதல், பழைய ராமைக் கழற்றி ஸ்டிக்கரைப் போனில் படம் எடுங்கள். பிசி3 என்றிருந்தால் அது டிடிஆர்3 வகை ராம், பிசி4 என்றால் டிடிஆர்4 வகை. இரண்டுக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில். மாறி வாங்கினால் பூட்டவே முடியாது.

பிள்ளைகளின் படிப்புக்கு கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். கரண்ட் அடிக்கடி போய் வரும் வீடென்றால், அந்தக் காசுக்கு, கரண்ட் போனாலும் பேட்டரியில் கொஞ்ச நேரம் கணினியை ஓட்டும் யூபிஎஸ் வாங்குங்கள்.