தராசிலேயே தோற்காதிருக்க: பெண்கள் டேக்வாண்டோ எடைப்பிரிவுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவின் சர்வதேசப் போட்டியில் பெண்களுக்கான 57 கிலோகிராம் பிரிவு என்றால், 57 கிலோகிராமுக்குக் குறைந்த எவரும் அதில் இறங்கலாம் என்றே திருகோணமலையில் இக்கலையைப் பயிலும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் பெரும்பாலும் எண்ணிக்கொள்கிறார்கள். அது சரியன்று. உலக சம்பியன்ஷிப்பில் பெண்களுக்கு 46, 49, 53, 57, 62, 67, 73 கிலோகிராம் வரையிலான ஏழு பிரிவுகளும் 73 கிலோகிராமுக்கு மேற்பட்ட ஒரு பிரிவுமாக எட்டு உள்ளன. இவற்றில் 57 எனப்படுவது 53க்கு மேல் தொடங்கி 57 உடன் முடிகிறது. மேல் எல்லையைத் தாண்டியவரைப் போலவே கீழ் எல்லையை எட்டாதவரும் விலக்கப்படுவார்.

பிரிவுகளின் எண்கள் எல்லாப் போட்டிகளுக்கும் ஒன்றே என்று கருதுவது அடுத்த தவறு. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 49, 57, 67, 67க்கு மேல் என நான்கு பிரிவுகள் மட்டுமே இருப்பதால், 53 கிலோகிராமில் பழகிய ஒருவர் அங்கே 49க்கு இறங்கவோ 57க்கு ஏறவோ வேண்டும். 15 முதல் 17 வயது வரையிலான இளையோருக்கோ 42, 44, 46, 49, 52, 55, 59, 63, 68, 68க்கு மேல் எனப் பத்துப் பிரிவுகள். இளையோர் பிரிவில் 59 கிலோகிராமில் பதக்கம் பெற்ற ஒரு பிள்ளை மூத்தோர் பிரிவுக்கு வரும்போது அந்த எண்ணே இல்லாமற் போய்விடுகிறது. கீழே 57 இருக்கிறது, மேலே 62 இருக்கிறது. இந்த இடத்தில் பயிற்றுவிப்பாளர்கள் ஏறக்குறைய யோசியாமலே கீழ்ப் பிரிவைத் தெரிவு செய்கிறார்கள். எலும்பும் தசையும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் அது பெரும்பாலும் பிழையான தெரிவு என்பதே என் எண்ணம். முதல் ஆண்டில் உயரமும் வலுவும் கூடிய எதிராளிகளிடம் சில சுற்றுகளை இழந்தாலும், 62இல் நிறைவாக உண்டு பழகுகிற பிள்ளை, 57க்காக ஆண்டு முழுவதும் அரைவயிற்றோடு இருக்கும் பிள்ளையை விட விரைவாகத் தேறுவாள்.

கடைசி நாட்களில் எடையைக் கரைக்கும் வழக்கம்தான் இவற்றுள் மிக மோசமானது. கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்து நண்பகலில், மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு நிலாவெளி வீதியில் ஓடுவதைத் துணிச்சல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வியர்வையாக வெளியேறுவது கொழுப்பன்று, நீர். அந்த நீர் குறையும்போது இரத்தத்தின் கனவளவு குறைந்து, உடலின் சூட்டைத் தணிக்கும் வழியே அடைபடுகிறது. 1997ஆம் ஆண்டின் இறுதியில், ஏறக்குறைய ஒரு மாத இடைவெளிக்குள், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் இப்படி எடை குறைக்கும் முயற்சியில் உயிரிழந்தார்கள். சிறுநீர் பெருக்கி மாத்திரைகளை நாடுவது உடலுக்கு மட்டுமன்றி விளையாட்டு வாழ்வுக்கும் கேடு; அவை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் தடைப் பட்டியலில் இருப்பவை. வீட்டில் யாரோ ஒருவருக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்த மாத்திரை என்பது அங்கே விளக்கமாக எடுபடாது.

இப்படிக் கரைத்த எடையை எடைபார்த்த பின் ஒரே இரவில் மீட்டுக்கொள்ளலாம் என்ற கணக்குக்கும் இப்போது கடிவாளம் உண்டு. எடை பார்ப்பது போட்டிக்கு முதல் நாள் நடக்கிறது. ஆனால் போட்டி நாள் காலையில் குலுக்கல் முறையில் சிலர் மீண்டும் தராசில் ஏற்றப்படுகிறார்கள். அப்போது பிரிவின் எல்லையை விட 5 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் விலக்கப்படுவார்கள். 57 பிரிவுக்கு அது 59.85 கிலோகிராம், 49 பிரிவுக்கு 51.45. இயல்பில் 61 கிலோகிராம் இருக்கும் ஒருவர் நான்கு கிலோகிராமை நீராக இழந்து, இரவில் முழுவதையும் குடித்தும் உண்டும் மீட்டால், குலுக்கலில் பெயர் வரும்போது காலையில் அகப்படுவார். மீட்காவிட்டால் வற்றிய உடலோடு சண்டையிடுவார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் இரண்டாம் நாள் காலையில் 100 கிராம் கூடியதால் விலக்கப்பட்டதை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒலிம்பிக் மல்யுத்தத்தில் இரண்டாம் நாளும் முழு எல்லையே செல்லும்; அந்த 5 சதவீதத் தளர்வு அங்கே இல்லை.

பெண்களின் உடலை ஆண்களின் அட்டவணையில் வைத்துப் பார்ப்பதும் இதனோடு சேர்ந்தே வருகிறது. மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் உடல் நீரைத் தேக்கிவைப்பதால் பலருக்கு எடை சற்றுக் கூடித் தெரியும். இதை அறியாதவர்கள் பிள்ளை திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டாள் என்று ஏசுகிறார்கள். பயிற்றுவிப்பாளர்களில் ஆண்களே மிகுதியாக இருக்கும் சூழலில் பிள்ளைகள் இதைச் சொல்லவும் கூசுவார்கள். தாயாரோ மூத்த வீராங்கனை ஒருவரோ இடையில் இருப்பது நல்லது. மாதவிடாய் சில மாதங்கள் வராமலே போனால், கடுமையான பயிற்சியின் அடையாளம் என்று அதைக் கொண்டாடக் கூடாது. செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற உணவு கிடைக்கவில்லை என்பதே அதன் பொருளாக இருக்கலாம், எலும்பின் அடர்த்தியும் அதனாற் குறையும். உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

தலையை மறைத்து உடுத்தும் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு ஒத்துவராது என்ற பேச்சு கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களில் எழுந்தால், 2016 ரியோ ஒலிம்பிக்கின் இதே 57 பிரிவை நினைவூட்டலாம். அதில் வெண்கலம் வென்ற ஈரானின் கிமியா அலிசாதேயும் எகிப்தின் ஹெதாயா மலாக்கும் தலைக்கவசத்தின் உள்ளே ஹிஜாப் அணிந்தே ஆடினார்கள். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஈரானியப் பெண் கிமியாதான்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். உதையை உணர்ந்து புள்ளி ஏற்றும் மின்னணு மார்புக்கவசத்தை டைடோ, கேபிஎன்பி ஆகிய இரு நிறுவனங்கள் தருகின்றன. ஒன்றின் காலுறை மற்றொன்றின் கவசத்தோடு வேலை செய்யாது. போட்டி அறிவித்தலில் எந்தக் கருவி என்று பார்க்காமல் காலுறை வாங்குவது வீண் செலவு. அதோடு காலுறையின் உணரிகள் பாதத்தில் இருப்பதால், கணைக்காலால் அடித்துப் பழகிய உதை எவ்வளவு பலமாக விழுந்தாலும் புள்ளி ஏறாது.

புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து வெற்றியைக் கணிப்பதும் பழைய பழக்கம். மார்பில் குத்துக்கு 1, உதைக்கு 2, தலை உதைக்கு 3, சுழன்று உதைத்தால் மார்புக்கு 4, தலைக்கு 5 என்பது மாறவில்லை. ஆனால் 2022 முதல் ஒவ்வொரு சுற்றும் தனித்தனியே தீர்க்கப்படுகிறது, மூன்றில் இரண்டை வென்றவரே வெற்றியாளர். முதற் சுற்றில் பத்துப் புள்ளிகளால் தோற்றாலும் அந்த இழப்பு இரண்டாம் சுற்றுக்குத் தொடர்வதில்லை. எனவே தோற்ற சுற்றின் கடைசி நொடிகளில் வீணாக மூச்சைச் செலவிட வேண்டியதில்லை. முன்னிலையில் இருப்பவருக்குத்தான் ஆபத்து வேறு விதமாக வருகிறது. கோட்டைத் தாண்டினாலும், விழுந்தாலும், எதிராளியைப் பிடித்தாலும் கம்-ஜம் எனும் தண்டம் விதிக்கப்பட்டு எதிராளிக்கு ஒரு புள்ளி சேரும். ஒரே சுற்றில் அது ஐந்தானால், புள்ளிப்பலகையில் எவ்வளவு முன்னே நின்றாலும் அந்தச் சுற்று போய்விடும். ஏற்கெனவே நான்கு தண்டம் வாங்கிய பிள்ளையைப் பார்த்து, நேரத்தைக் கடத்துவதற்காகப் "பின்னுக்குப் போ" என்று கதிரையில் இருந்தபடி கத்தும் பயிற்றுவிப்பாளர், அவளைக் கோட்டுக்கு வெளியேதான் அனுப்புகிறார்.