கிணறு முதல் அயன் வரை: வன்னி வீடுகளில் செலவைக் குறைத்து உடுப்புத் தோய்க்கும் முறை

உடுப்புத் தோய்க்கும் மின்செலவு என்றதும் பலர் சலவை இயந்திரத்தையே குறை சொல்வார்கள். ஆனால் குளிர்நீரில் ஓடும் இயந்திரம் எடுக்கும் மின்சாரம் சிறிது. கிணற்று நீரைத் தாங்கிக்கு ஏற்றும் 1 குதிரைவலு மோட்டர் ஒரு மணிநேரம் ஓடினால் முக்கால் அலகுக்குக் குறையாது. 1000 வாற்று அயன் அதே நேரம் தொடர்ந்து சுட்டால் 1 அலகு. மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடிய கட்டணம் அறவிடப்படுவதால், எல்லையில் நிற்கும் வீடுகளுக்கு இந்தச் சில அலகுகளும் பெரியவை.

முதலில் உடுப்புகளை வெள்ளைச் சீருடை, நிறத்துணி, வயல் உடுப்பு என்று பிரியுங்கள். சேற்றையும் கிரவல் தூசியையும் ஈரத்தோடு தேய்த்தால் அவை நூலுக்குள் இறங்கிவிடும். காயவிட்டு உதறித் தூரிகையால் தட்டிய பின்பே நனைக்க வேண்டும்.

அடுத்து ஊறவைத்தல். வன்னியில் பல கிணறுகளின் நீர் கடினமானது. அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து நுரைக்குப் பதிலாக வெண்திரளாகப் படிவதால், மேலும் மேலும் தேய்த்துச் சவர்க்காரத்தையும், அதைப் போக்க அலசி அலசித் தண்ணீரையும் வீணாக்குகிறோம். ஆகவே ஒரு வாளி நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவை (அப்பச் சோடாவை அல்ல) முதலில் கரைத்து, அதன் பிறகு வழக்கத்தைவிடக் குறைவாகச் சலவைத் தூள் இட்டு, அரை மணிநேரம் ஊறவிடுங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது. மாரி காலத்தில் கூரைநீரைப் பிடித்து வைத்தால் சோடாவே தேவையில்லை.

இரட்டைத் தொட்டி இயந்திரமாயின் ஒரே சவர்க்கார நீரில் வெள்ளையையும், பின்னர் நிறத்துணியையும், கடைசியில் வயல் உடுப்பையும் போடலாம். தானியங்கி இயந்திரத்தில் இதற்கு வழியில்லை என்பதால், நம் ஊருக்கு நான் இரட்டைத் தொட்டியையே சிபாரிசு செய்வேன். சுடுநீரைத் தவிருங்கள்: 20 லீற்றர் நீரை 30 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கவே ஏறத்தாழ 0.7 அலகு செலவாகும்.

அலசுவதற்கு முன்பு துணியை நன்றாகப் பிழிந்தோ சுழற்றியோ சவர்க்கார நீரை வெளியேற்றினால் ஓர் அலசல் மிச்சமாகும். கடைசி அலசல் நீரை அடுத்த தொகுதியின் முதல் அலசலுக்கு வைத்திருந்து, பிறகு வாழைக்கு ஊற்றலாம்.

சோளகம் வீசும் மாதங்களில் கொடியில் போட்ட துணி விரைவில் காய்ந்துவிடும்; நிறத்துணியை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள். கொடியில் போடும்போதே ஓங்கி உதறி, கழுத்துப்பட்டியையும் மடிப்புகளையும் கையால் நீவிவிட்டால் வீட்டு உடுப்புகளுக்கு அயன் தேவைப்படாது. அயன் பண்ண வேண்டிய சீருடைகளைச் சிறிது ஈரம் இருக்கும்போதே எடுத்து, வாரத்துக்கு ஒருமுறை ஒன்றாகச் செய்யுங்கள். பருத்தியை முடித்தவுடன் ஆளியை அணைத்துவிட்டு, மெல்லிய துணிகளை மிஞ்சிய சூட்டிலேயே தேய்த்துவிடலாம்.