கால்ப்ரோடெக்டின் டெஸ்டுக்கு மலம் எடுத்துக் கொடுப்பது எப்படி

கொழிஞ்சாம்பாறையில் ஒரு லேபில் மாதிரி வாங்கும் மேசை என்னுடையது. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்து ஆட்கள் பாலக்காட்டிலோ கோயம்புத்தூரிலோ டாக்டரைப் பார்த்துவிட்டுச் சீட்டோடு இங்கே வருவார்கள். ரத்தம் என்றால் பேசாமல் கையை நீட்டிவிடுவார்கள். மலம் என்றால்தான் வெட்கம். நான் சொல்வதைப் பாதி காதில் வாங்கிக்கொண்டு டப்பாவைப் பைக்குள் திணித்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் வருகிற மாதிரியைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும். அதனால் மேசையில் நின்று கேட்கக் கூச்சப்படுகிற எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

சீட்டில் ‘ஸ்டூல் ரொட்டீன்’ என்று இருந்தால் அது பழைய சோதனை. மைக்ராஸ்கோப்பில் சீழ் அணு, ரத்த அணு, புழு முட்டை, அமீபா பார்ப்பது. மாதிரி ஆறிப்போவதற்குள் லேபுக்கு வந்தாக வேண்டும். ‘ஃபீக்கல் கால்ப்ரோடெக்டின்’ என்று இருந்தால் விஷயம் வேறு. குடலின் உள்சுவரில் அழற்சி, அதாவது சிவந்து வீங்குவது, இருந்தால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் அங்கே திரளும். அவற்றுக்குள் நிறைந்திருக்கும் ஒரு புரதம்தான் கால்ப்ரோடெக்டின். அது குடலுக்குள் கசிந்து மலத்தோடு வெளியே வரும். குடல் பாக்டீரியாக்களால் அதைச் சுலபமாகச் சிதைக்க முடியாது, அதனால்தான் அளக்க முடிகிறது. ரத்தத்தில் பார்க்கிற சி.ஆர்.பி. என்ற அளவு ஏறினால் உடம்பில் எங்கோ அழற்சி என்று மட்டும் தெரியும். இது குடலைப் பற்றியே பேசுகிற சோதனை. மாதக்கணக்கில் வயிற்று வலியும் பேதியுமாக இருப்பவருக்கு அழற்சி இல்லாமலே குடல் படுத்துகிற வெறும் ஐ.பி.எஸ். தொந்தரவா, இல்லை அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், கிரோன்ஸ் மாதிரி நாள்பட்ட குடல் அழற்சி நோய் ஏதாவதா, கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற கொலனோஸ்கோப்பி வரை போக வேண்டுமா என்று முடிவுசெய்ய டாக்டர் இதைக் கேட்பார். ஏற்கெனவே அந்த நோய் இருப்பவர்களுக்கு மருந்து பிடிக்கிறதா என்று பார்க்கவும் கேட்பார்.

டப்பாவைக் கொடுப்பதற்கு முன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி, வலி மாத்திரை போடுகிறீர்களா என்பது. உடனே ‘இல்லீங்க’ என்பார்கள். எங்கள் பக்கம் தென்னந்தோப்பு வேலை. இடுப்பும் முட்டியும் வலிக்காத ஆள் கிடையாது. மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுவதை யாரும் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கொஞ்சம் விடாமல் கேட்டால்தான் வரும்: “அது வலிக்கிறப்ப மட்டும் ஒண்ணு போடுவனுங்க அம்மிணி. மருந்தெல்லாம் கிடையாது.” சட்டைப் பையிலிருந்து வெளியே வருகிற அட்டையில் டைக்ளோஃபெனாக் இருக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸென் இதெல்லாம் குடல் சுவரைப் புண்படுத்தி, நோயே இல்லாத ஆளுக்கும் இந்த அளவை ஏற்றிவிடும். பொதுவாக 2 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், அது இந்த வகையில் சேராது. ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது. சாப்பிடுவதாகச் சொன்னால் போதும், டாக்டர் அதைக் கணக்கில் வைத்துப் படிப்பார். பான்டோபிரசோல் மாதிரி அசிடிட்டி மாத்திரையும் சிலருக்கு அளவைக் கொஞ்சம் ஏற்றும், அதையும் சொல்லுங்கள். வைத்தியசாலையில் வாங்கிய கஷாயம், அரிஷ்டம் எதுவானாலும் மறைக்க வேண்டாம், எங்களுக்கு அதில் கோபமில்லை.

சாப்பாட்டுக்குப் பத்தியம் எதுவும் கிடையாது. வெறும் வயிறும் தேவையில்லை. போன வாரம் கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் பேதி பிடித்திருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லித் தள்ளிப்போடுங்கள். சாதாரணக் கிருமித் தொற்றிலும் அளவு ஏறும். மாதவிலக்கு நாட்களில் எடுக்க வேண்டாம். மூலத்தில் ரத்தம் போகிறது என்றால் முன்னாடியே சொல்லிவிடுங்கள். கொலனோஸ்கோப்பிக்குத் தேதி கொடுத்திருந்தால், குடலைக் கழுவும் மருந்தைக் குடிப்பதற்கு முன்பே மாதிரி எடுத்துவிட வேண்டும்.

சரி, எடுக்கும் விதம். காலையில் முதல் தடவை போவதே நல்லது. ஒரே நாளில் வேளைக்கு வேளை இந்த அளவு மாறும். அடுத்த முறை எடுத்தாலும் அதே காலை நேரமாக இருந்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும்.

முதலில் சிறுநீர் கழித்து முடித்துவிடுங்கள். மலத்தோடு சிறுநீரோ தண்ணீரோ கலக்கக் கூடாது. வெஸ்டர்ன் டாய்லெட் உள்ளவர்களுக்கு வேலை சுலபம். சீட்டைத் தூக்கி விளிம்பின் மேல் பெரிய பிளாஸ்டிக் கவரைத் தொய்வாக விரித்து, சீட்டை இறக்கிவிட்டால் போதும். நம் வீடுகளில் பெரும்பாலும் குத்துக்கால் போட்டு உட்காருகிற கக்கூஸ்தான். உட்காருவதற்கு முன்னால் பீங்கானில் தண்ணீர் ஊற்றும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, அன்றைக்கு ஒருநாள் ஊற்றாதீர்கள். பழைய ஐஸ்கிரீம் டப்பா, பார்சல் வாங்கிய அகலமான டப்பா, ஏதாவது ஒன்றை நன்றாகக் கழுவி, சோப்பு வாடை போக அலசி, வெயிலில் காயவைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கீழே வைத்து அதில் போக வேண்டும். டெட்டால், பினாயில் வேண்டாம். செய்தித்தாள் விரிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது ஈரத்தை உறிஞ்சிக் கிழிந்து, கடைசியில் எல்லாம் குழியில்தான் போய் விழும்.

நாங்கள் கொடுக்கும் டப்பாவின் மூடியிலேயே சின்ன ஸ்பூன் இருக்கும். ஒரே இடத்தில் வழிக்காமல் இரண்டு மூன்று இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். மொத்தம் ஒரு நிலக்கடலை அளவு போதும், லேபில் அளக்கப் போவது அதிலும் துளியூண்டுதான். டப்பாவை நிரப்பி அனுப்பினால் வெயிலில் வாயு கட்டி, மூடியைத் திறக்கிற பெண்ணின் முகத்தில் தெறிக்கும். அந்தப் பெண் சில நாள் நானாகவும் இருப்பேன். தண்ணீராகப் போகிறது என்றால் கால் டப்பா விடுங்கள். மூடியை இறுக்கி, பெயர், தேதி, எடுத்த நேரம் மூன்றையும் டப்பாவின் உடம்பில் எழுதுங்கள். மூடியில் எழுதினால் மூடி கழன்றதும் ஆளும் காணாமல் போய்விடுவார். மிச்சத்தைக் கக்கூஸில் கொட்டி, அந்த ஐஸ்கிரீம் டப்பாவைக் கவரில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அன்றைக்கே கொண்டுவருவதுதான் சரி. இந்தப் புரதம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கக்கூடியது. கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் சோதனைக்குப் போல தலைதெறிக்க ஓடிவர வேண்டியதில்லை. ஆனால் பங்குனி சித்திரையில் பாலக்காட்டு வெயில் எப்படி என்று உங்களுக்கே தெரியும். பைக் டேங்க் கவரில் வைத்துவிட்டுச் சந்தையைச் சுற்றிவிட்டு வராதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டால் இரண்டு கவருக்குள் போட்டு ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், சாப்பாட்டுச் சாமான் படாமல் வைத்து, திங்கள் காலை கொண்டுவரலாம். மாமியார் என்ன சொல்வாரோ என்று பயந்தால் திங்கட்கிழமையே எடுங்கள்.

ரிசல்ட் வரக் கொஞ்ச நாள் ஆகும். மாதிரி பெரிய லேபுக்குப் போகிறது. கட்டணமும் சாதாரண மலப் பரிசோதனையைவிடப் பல மடங்கு. இதற்காகவாவது முதல் தடவையே ஒழுங்காக எடுங்கள்.

அளவு ஒரு கிராம் மலத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று இருக்கும். பெரியவர்களுக்கு 50-க்குக் கீழே என்றால் குடலில் அழற்சி இருக்க வாய்ப்பு குறைவு. 250-க்கு மேலே என்றால் டாக்டர் மேற்கொண்டு தேடுவார். நடுவில் இருப்பதுதான் குழப்பம். சில வாரம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள், அதற்குள் வலி மாத்திரை நின்றிருக்க வேண்டும். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இயல்பாகவே அதிகமாக இருக்கும், பெரியவர்களின் கணக்கை வைத்துப் பயப்படாதீர்கள். கூடினால் அழற்சி என்று தெரியுமே தவிர, எதனால் என்று தெரியாது. நம் நாட்டில் குடல் டி.பி.யிலும் இது ஏறும். புற்றுநோய்க்கான சோதனையும் இது அல்ல. மலத்தில் ரத்தம், எடை குறைவது, காய்ச்சல், தூக்கத்தில் எழுப்பிவிடுகிற பேதி, இவை இருந்தால் டப்பாவுக்கு என்னிடம் வர வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள்.

இரண்டாம் முறை எடுக்க வரும்போது முடிந்தவரை அதே லேபிலேயே கொடுங்கள். ஒவ்வொரு லேபும் பயன்படுத்துகிற சோதனை கிட்டுக்குக் கிட்டு அளவு மாறும். ஓரிடத்து 180-ஐயும் இன்னோரிடத்து 260-ஐயும் பக்கத்தில் வைத்து நோய் கூடிவிட்டது என்று சொல்ல முடியாது. பழைய ரிப்போர்ட்டையும் மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுவாருங்கள்.