கொதிக்கும்போது எது அறுகிறது? சகப்பிணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாம் வகுப்பிலிருந்து கல்லூரி முதலாண்டு வரை விடைத்தாள்களில் ஓயாமல் வரும் ஒரு வரி உண்டு: “மீத்தேனில் உள்ள சகப்பிணைப்பு வலுவற்றது, எனவே கொதிநிலை குறைவு.” (அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்வதால் உண்டாகும் பிணைப்பே சகப்பிணைப்பு.) கொதிநிலை குறைவு என்பது சரி. காரணம் முழுக்கத் தவறு. மீத்தேனின் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை அறுக்க மோலுக்குச் சுமார் 415 கிலோ ஜூல் வேண்டும். அவ்வளவு வலுவான பிணைப்பு இருந்தும் அது மைனஸ் 161 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கும்போது அந்தப் பிணைப்புக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதுதான் விஷயம். மூலக்கூறுகள் உடையாமல், ஒன்றை விட்டு ஒன்று விலகிப் போகின்றன. அவற்றுக்கு இடையிலிருந்த மெல்லிய ஈர்ப்பு விசையைக் கடந்தால் போதும்.

தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். உள்பக்கம் துளித்துளியாக நிற்பதும் தண்ணீர்தான். ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பே அறுந்திருந்தால் அடுப்புத் தீக்குப் பக்கத்தில் வெடிக்கும் வாயுக் கலவை வந்திருக்கும்.

இந்த இடத்தில் இன்னொரு குழப்பமும் ஒட்டிக்கொள்கிறது. நீர் மூலக்கூறுக்குள் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் இணைக்கும் கோட்டைக் காட்டி, ‘ஹைட்ரஜன் பிணைப்பு’ என்று பெயர் எழுதிவிடுகிறார்கள். அது சகப்பிணைப்பு, வலிமை மோலுக்கு ஏறத்தாழ 463 கிலோ ஜூல். ஹைட்ரஜன் பிணைப்பு ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜனுக்கும் அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனுக்கும் இடையே இருப்பது. வலிமை சுமார் 20 கிலோ ஜூல்தான். படத்தில் அதைப் புள்ளிக்கோட்டால் போடுங்கள்.

பிணைப்பு வலிமையையும் கொதிநிலையையும் முடிச்சுப் போடும் பழக்கத்தைக் கைவிட, குளோரின், புரோமின், அயோடின் போன்ற ஹாலஜன்களே போதும். குளோரின் மூலக்கூறின் பிணைப்பு ஆற்றல் 242 கிலோ ஜூல், புரோமினுக்கு 193, அயோடினுக்கு 151. பிணைப்பு இறங்கிக்கொண்டே போகிறது. ஆனால் அறை வெப்பநிலையில் குளோரின் வாயு, புரோமின் திரவம், அயோடின் திண்மம்! மூலக்கூறு பெரிதாகி எலக்ட்ரான்கள் கூடக்கூட மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு வலுக்கிறது. கொதிநிலையைத் தீர்மானிப்பது அதுதான்.

எதிர்ப்பக்கத் தவறு: “சகப்பிணைப்புச் சேர்மங்கள் எல்லாம் எளிதில் உருகும்.” மணலில் உள்ள சிலிக்கான் டை ஆக்சைடு உருக ஏறத்தாழ 1,700 டிகிரி வேண்டும். கார்பன் டை ஆக்சைடோ மைனஸ் 78 டிகிரியிலேயே திண்மத்திலிருந்து நேரே வாயுவாகிறது. இத்தனைக்கும் கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பைவிட வலுவானது. கார்பன் டை ஆக்சைடு தனித்தனி மூலக்கூறுகளாக இருக்கிறது. மணலில் அப்படி மூலக்கூறே கிடையாது. துகள் முழுக்க ஒரே வலைப்பின்னல். அதை உருக்க சகப்பிணைப்புகளையே அறுத்தாக வேண்டும். வைரமும் இப்படி ஒரே வலைப்பின்னல்தான். ஆகவே ‘வைரத்தின் மூலக்கூறு’ என்று எழுதாதீர்கள். சிலிக்கான் டை ஆக்சைடின் வாய்பாடும் அணுக்களின் விகிதத்தை மட்டுமே சொல்கிறது.

‘சகப்பிணைப்பு என்றால் மின்சாரம் கடத்தாது’ என்பதையும் அப்படியே ஒப்பிக்க வேண்டாம். ஹைட்ரஜன் குளோரைடு நீரில் கரைந்ததும் மின்னூட்டம் கொண்ட அயனிகளாகப் பிரிந்து கடத்துகிறது. சர்க்கரைக் கரைசல் கடத்தாது.

பென்சில் முனையில் இருக்கும், அடுக்கடுக்காக அமைந்த கார்பனான கிராஃபைட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கார்பனும் மூன்று கார்பன்களோடு பிணைந்து, நான்காவது எலக்ட்ரானை அடுக்கு முழுவதற்கும் பொதுவாக விடுகிறது. ஆகவே அடுக்கின் வழியே மின்சாரம் நன்றாகப் பாயும். அடுக்கு விட்டு அடுக்குக்கு மிகக் குறைவு. ‘எல்லாத் திசையிலும் கடத்தும்’ என்று எழுதும்போது இது விடுபட்டுப்போகிறது. அடுக்குக்குள் அணுக்களின் இடைவெளி 142 பைக்கோமீட்டர், அடுக்குகளுக்கு நடுவே 335. அந்த இடைவெளியில் உள்ள விசை மெலிது, அதனால் அடுக்குகள் வழுக்குகின்றன என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அது பாதி விளக்கம்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் மின் எந்திரங்களில் கார்பன் பிரஷ்கள் (சுழலும் பாகத்தை உரசியபடி மின்சாரம் கடத்தும் கிராஃபைட் கட்டைகள்) மளமளவென்று தேய்ந்துபோயின. அங்கே காற்றில் ஈரம் இல்லை. கிராஃபைட் வழுக்குவதற்கு அதன் பரப்பில் ஒட்டும் நீராவி போன்றவையும் தேவை என்பது அப்போது தெளிவானது. அதனால்தான் விண்கலங்களின் அசையும் பாகங்களுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு பூசுகிறார்கள். அதுவும் அடுக்கடுக்கானதுதான், ஆனால் வெற்றிடத்திலும் வழுக்கும்.