சின்னத் தொடுதிரை பிளேயர்: வாங்குவதற்கு முன் எடைபோடும் முறை

தீப்பெட்டி அளவே உள்ள தொடுதிரை எம்.பி.3 பிளேயர் ஒன்றை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, அதை யார், எந்த இடத்தில், கையில் என்ன வேலை இருக்கும்போது கேட்கப்போகிறார் என்பதைத்தான். விலையும் கொள்ளளவும் அதற்குப் பிறகு வரட்டும். கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது அழகாக இயங்கும் அதே கருவி, அடுப்படியிலோ பாதயாத்திரையிலோ ஒரு நாள்கூடப் பயன்படாமல் போவதை நான் கண்டிருக்கிறேன்.

தேவகோட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு இப்படிப்பட்ட கருவி தேவைப்பட்டதற்குக் காரணம் சுவர்கள். முகப்பிலும் திண்ணையிலும் கைபேசிக்கு நன்றாகச் சிக்னல் கிடைக்கும். வளவு எனப்படும் முதல் முற்றப் பகுதியைத் தாண்டி, அதற்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டுக்குள் போய்விட்டால், செட்டிநாட்டு வீட்டின் கனத்த சுவர்களுக்கு நடுவில் இணையவழிப் பாட்டு விட்டு விட்டுத்தான் வரும். அப்பத்தா காலையில் திருப்புகழும் தேவாரமும் கேட்டுக்கொண்டே வேலை செய்பவர். பாட்டைக் கருவிக்குள்ளேயே பதிந்து வைத்துவிட்டால் சிக்னலைப் பற்றிய கவலை இல்லை, நடுவில் அழைப்பு வந்து பதிகம் அறுபடுவதும் இல்லை. இந்த இரண்டும்தான் தனி பிளேயரின் உண்மையான பலம் என்று நான் கருதுகிறேன். எடை குறைவு என்பதை மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் நாங்கள் முதலில் வாங்கிய கருவி பொருந்தவில்லை. இன்றைய தொடுதிரைகள் பெரும்பாலும் விரலின் மின்கடத்தும் தன்மையை உணர்ந்து இயங்குபவை. முறுக்குக்கு மாவு பிசைந்த விரலைத் திரை உணராது. ஈரக் கையால் தொட்டாலோ, தொடாத இடத்தையும் தொட்டதாக எடுத்துக்கொண்டு வேறொரு பாட்டுக்குத் தாவிவிடும். வயதானவர்களின் உலர்ந்த விரல் நுனியையும் சில திரைகள் எளிதில் ஏற்பதில்லை. ஒலியைக் குறைப்பதற்கும் திரையைத்தான் தொட வேண்டும் என்று அந்தக் கருவி அமைக்கப்பட்டிருந்ததால், ஒவ்வொரு முறையும் கையைக் கழுவித் துடைத்து, கண்ணாடியைத் தேடி அணிந்து, அதன் பிறகே அப்பத்தாவால் அதைத் தொட முடிந்தது. பத்து நாளில் அது அலமாரிக்குப் போய்விட்டது.

திரையின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் இந்தச் சிரமத்தின் காரணம் விளங்கும். இவ்வகைக் கருவிகளில் பெயர்பெற்றது 2010 செப்டம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஆறாம் தலைமுறை ஐபாட் நானோ. அதன் திரை மூலைக்கு மூலை 1.54 அங்குலம், அதாவது ஒரு பக்கம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. பெரியவர் ஒருவரின் விரல் நுனி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலத்தை மறைக்கும் என்பதால், அந்தத் திரையில் நான்கு படக்குறிகளுக்கு மேல் வைத்தால் தொடுவதும் தெரியாது, தொட்டது சரிதானா என்பதும் தெரியாது. 21.1 கிராம் எடையும், சட்டையில் மாட்டிக்கொள்ளும் கிளிப்பும், ஒரு முறை சார்ஜ் செய்தால் 24 மணி நேரம் பாடும் என்ற நிறுவனத்தின் அறிவிப்பும் அதன் பலங்கள். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் பொத்தான்கள் இருந்தன. பாட்டை நிறுத்தவோ தொடரவோ தனிப் பொத்தான் இல்லை. 2012-இல் வந்த ஏழாம் தலைமுறையில் திரையை 2.5 அங்குலமாக்கியதோடு, ஒலிப் பொத்தான்களுக்கு நடுவில் நிறுத்தித் தொடரும் பொத்தானையும் சேர்த்தார்கள். இந்த மாற்றத்தை நான் பெரிய சான்றாக எடுத்துக்கொள்கிறேன். ஆகவே என் முதல் விதி இது: நிறுத்து, முன்னே, பின்னே, ஒலி ஆகிய நான்குக்கும் விரலால் தடவியே கண்டுபிடிக்கக்கூடிய பொத்தான்கள் இருந்தால் மட்டுமே சிறிய தொடுதிரைக் கருவியை வாங்குங்கள். பாட்டைத் தேடுவதற்குத் திரை போதும். கேட்டுக்கொண்டிருக்கும்போது பொத்தான் வேண்டும்.

அடுத்தது தமிழ். இதைப் பெரும்பாலோர் வாங்கிய பிறகே கவனிக்கிறார்கள். பல சிறிய கருவிகளில் தமிழ் எழுத்துருவே இருக்காது. பாட்டின் பெயர் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்துரு இருந்தாலும், எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் ஏற்பாடு இல்லாவிட்டால், எழுத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். கடைக்குப் போகும்போது ‘கொன்றை’, ‘வேலவா’, ‘பௌர்ணமி’ என்று பெயரிட்ட மூன்று கோப்புகளை எடுத்துச் சென்று ஏற்றிப் பாருங்கள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரம், ஔகாரம் ஆகிய எல்லாம் அந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். சரியாகத் தெரியவில்லை என்றால், கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தில் பெயரிட்டு முன்னால் 01, 02 என்று எண் கொடுத்துச் சமாளிக்கலாம். ஆங்கிலம் படிக்காத பெரியவருக்கு வாங்குவதானால் அந்தச் சமாளிப்பு உதவாது. அந்தக் கருவியை விட்டுவிடுங்கள்.

நீளமான பதிவுகளைக் கேட்பவர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். காரைக்குடியில், பின்னாளில் ஏ.வி.எம். படநிறுவனத்தைத் தொடங்கிய ஏ.வி. மெய்யப்பனின் குடும்பக் கடையில் கிராமபோன் இசைத்தட்டுகள் விற்ற காலத்தில், பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாட்டு இருந்தது. தட்டைத் திருப்பிப் போடுவதற்கு ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். இப்போது ஒரு மணி நேரச் சொற்பொழிவு ஒரே கோப்பாக வந்துவிடுகிறது. ஆனால் பாதியில் அணைத்துவிட்டு மறுநாள் போட்டால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் சில கருவிகள் முதலிலிருந்தே தொடங்கும். விரல் அகலத் திரையில் நாற்பதாவது நிமிடத்தைத் தேடிப் பிடிப்பது எளிதன்று. கடையிலேயே நீண்ட கோப்பு ஒன்றைப் போட்டு, நடுவில் முழுவதுமாக அணைத்து, மீண்டும் இயக்கிப் பாருங்கள்.

கொள்ளளவைப் பற்றி அதிகம் மனத்தை அலட்டிக்கொள்ள வேண்டாம். 128 கே.பி.பி.எஸ். (நொடிக்கு இத்தனை கிலோபிட் என்னும் ஒலித்தர அளவு) தரத்தில் பதிந்த எம்.பி.3 கோப்பு ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்.பி. இடம் பிடிக்கும். அந்தக் கணக்கில் 8 ஜி.பி. இடத்தில் சுமார் 130 மணி நேரம் அடங்கும். பேச்சுக்கும் பழைய பதிவுகளுக்கும் அந்தத் தரமே போதும். வீணையின் கமகத்தையும் மிருதங்கத்தின் நாதத்தையும் நுணுகிக் கேட்பவர்கள் 320 கே.பி.பி.எஸ். தரத்துக்கோ ஒலித்தரம் குறையாமல் சேமிக்கும் ஃபிளாக் வடிவத்துக்கோ போகலாம். அப்போது இடம் பல மடங்கு தேவைப்படும் என்பதால் மெமரி கார்டு போடும் வசதி உள்ள கருவியையே தேர்ந்தெடுக்க வேண்டும். 32 ஜி.பி.-க்கு மேற்பட்ட கார்டுகள் வழக்கமாக எக்ஸ்ஃபேட் என்னும் கோப்பு அடுக்கும் முறையில் வடிவமைக்கப்பட்டு வருகின்றன. அந்த முறையைப் படிக்காத கருவிகளும் உண்டு என்பதால், வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டை ஏற்றும் வழியும் முக்கியம். கணினியில் சொருகியதும் பென்டிரைவ் போலத் திறந்து, கோப்பை அப்படியே நகலெடுக்கவிடும் கருவியே நம் வீடுகளுக்கு ஏற்றது. ஐபாட் நானோவுக்கு ஐடியூன்ஸ் போன்ற மென்பொருளின் வழியாகத்தான் பாட்டேற்ற முடியும். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது மட்டுமே கணினி திறக்கப்படும் வீட்டில் அது பெரிய தடை. நானோவின் விற்பனையை ஆப்பிள் 2017 ஜூலையில் நிறுத்திவிட்டதால், இனிக் கிடைப்பவை பெரும்பாலும் பயன்படுத்தியவையே. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பழைய வானொலிப் பெட்டியைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோல இதை வாங்க இயலாது. உள்ளே ஒட்டி அடைக்கப்பட்ட லித்தியம் பேட்டரி, பயன்படுத்தினாலும் சும்மா வைத்திருந்தாலும் வலு குறைந்துகொண்டே வரும். திரை புடைத்திருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் அதைத் தொடாதீர்கள்.

புதிய பேட்டரிக்கும் வெயில் ஆகாது. சித்திரை, வைகாசியில் முற்றத்து ஓரத்திலோ, மூடிய காருக்குள்ளோ வைக்கக் கூடாது. சூடேறியிருக்கும் கருவியை ஆறவிட்ட பிறகே சார்ஜ் போட வேண்டும்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடப்பவர்கள் பலர் இந்தக் கருவியைப் பற்றி விசாரிக்கிறார்கள். அவர்களுக்கு நான் தயங்காமல் வாங்கச் சொல்வேன். நாள் கணக்காக நடக்கும்போது கைபேசியின் சார்ஜை வீட்டுக்குப் பேசுவதற்காக மிச்சப்படுத்தலாம். இடுப்பில் கனம் தெரியாது. திரையைப் பூட்டி வைக்கும் வசதி மட்டும் அவசியம், ஏனென்றால் வியர்வை பட்ட துணி உரசினாலேகூடப் பாட்டு மாறிவிடும். விடியலுக்கு முன் சாலையோரம் நடக்கும் வேளையில் இரண்டு காதையும் அடைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு காதில் மட்டும் இயர்போனை வைத்து, பின்னால் வரும் லாரியின் ஓசை கேட்கும் அளவுக்கே ஒலியை வையுங்கள். பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. ஒலி அதற்கு மேல் கூடக்கூட, கேட்கத்தக்க நேரம் வேகமாகக் குறையும்.

அப்பத்தாவுக்கு இரண்டாவதாக வாங்கிக்கொடுத்த கருவியில் திரை சற்றுப் பெரியது, பக்கவாட்டில் புடைத்த பொத்தான்கள் நான்கு உள்ளன. நிறுத்தும் பொத்தானின் மேல் நகப்பூச்சால் ஒரு சொட்டு வைத்து உலரவிட்டேன். மாவுக் கையின் புறங்கையால் அந்த மேட்டைத் தடவி அவர் பாட்டை நிறுத்திக்கொள்கிறார். திரையைத் தொடுவது வெள்ளிக்கிழமை தோறும் பதிகத்தை மாற்றுவதற்கு மட்டும்தான்.